கவறு, கை, கழகம்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா சேரன்மகாதேவி. திருநெல்வேலியில அம்பாசமுத்திரம் பஸ் ஏறினா, பத்தமடை தாண்டினதும் வந்துரும். நாங்க வாயால சொல்றது சேர்மாதேவி. பெரியப்பா வீட்டு மச்சை ஒழிக்கணும்னாங்க, நானும் வேலைவெட்டி இல்லாம ஏறினேன். கரையான் தின்னது போக ரெண்டு உருப்படி கையில சிக்குச்சு. ஒண்ணு ஆச்சியோட பித்தளைத் தாயக்கட்டை. இன்னொண்ணு பெரியப்பாவோட 1983ஆம் வருஷத்து டைரி.

டைரியில ஒரு வரி கூட கதை கிடையாது. தேதி, பக்கத்துல கூட்டல் குறியோ கழித்தல் குறியோ, அப்புறம் ஒரு தொகை. ஒவ்வொரு வரியோட ஓரத்துலயும் சின்னதா ஒரு 5. அவ்வளவுதான். அது அவர் ரம்மி ஆடின கணக்கு.

பெரியப்பா ரம்மியில கில்லாடி. இது குடும்பத்துல எல்லாரும் ஒத்துக்கிட்ட விஷயம், அவரை வாழ்நாள் பூரா திட்டித் தீர்த்த பெரியம்மா உட்பட. எவன் எந்தச் சீட்டை எடுத்தான், எதைக் கீழ போட்டான்னு ஆட்டம் முடிஞ்ச பிறகும் வரிசை மாறாம ஒப்பிப்பார். அப்பேர்ப்பட்டவர்தான் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்துல இருந்த பத்து மரக்கால் விதைப்பாட்டை 1985ல வித்தார். சீட்டுல போச்சுன்னு ஊரே சொல்லும். நல்லா ஆடத் தெரிஞ்ச மனுஷன் எப்படித் தோத்தார்? சின்ன வயசுல இருந்தே எனக்கு விளங்காத கணக்கு இது. டைரி கையில இருக்கு, செல்போன்ல கால்குலேட்டர் இருக்கு. மச்சுலயே சம்மணம் போட்டு உக்காந்து கூட்டிட்டேன்.

மொத்தம் 212 நாள் ஆடியிருக்கார். ஜெயிச்சது 118, தோத்தது 94. வருஷக் கடைசியில சீட்டுல மட்டும் 640 ரூபா லாபம். அட, ஜெயிச்சிருக்காரே! கீழ இறங்கி வந்து அந்த ஓரத்து 5 என்னன்னு அவர்கிட்டயே கேட்டேன். எண்பத்தஞ்சு வயசாகுது, காது மந்தம், ஆனா இதுக்கு மட்டும் பட்டுனு பதில் வந்துச்சு.

"டேபிள் காசுலே. ரூம்காரனுக்கு. ஒரு நாளைக்கு அஞ்சு ரூவா."

212 தடவை 5, ஆக 1060 ரூபா. 640ஐக் கழிச்சா 420 ரூபா நட்டம். "இதைக் கணக்குல சேர்க்கலையா பெரியப்பா?"

"அது செலவுல்லா? தோத்த கணக்குல எப்படி வரும்?"

இந்த ஒரு பதில்தான் என்னை இதை எழுத வச்சது.

நம்ம பக்கத்து ஆட்டங்களை அதிர்ஷ்டமும் திறமையும் எவ்வளவு எவ்வளவுன்னு பார்த்து ஒரு வரிசையில நிறுத்தலாம். ஒரு கோடியில ஆடுபுலி ஆட்டம். மூணு புலி, பதினஞ்சு ஆடு, எல்லாம் கண்ணு முன்னால. உருட்டறது குலுக்கறது எதுவும் கிடையாது. தோத்தா உன் மண்டையைத்தான் நொந்துக்கணும். பல்லாங்குழியும் அதே ஜாதி. புளியமுத்து எந்தக் குழியில எத்தனை இருக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியும், எண்ணத் தெரிஞ்சவங்க ஜெயிப்பாங்க. எங்க ஆச்சிகிட்ட எவனும் ஜெயிச்சது இல்ல.

மறு கோடியில மங்காத்தா. (அஜித் படத்துக்கு முன்னாலயே அப்படி ஒரு ஆட்டம் இருக்குங்க!) ஒரு சீட்டைத் திறந்து வச்சுட்டு, அதே நம்பர் உள்ளே விழுமா வெளியே விழுமான்னு பந்தயம். இதுல திறமைக்கு வேலையே இல்ல. முதல் சீட்டு எந்தப் பக்கம் விழுதோ அந்தப் பக்கத்துக்கு நூத்துக்கு 51.5 வாய்ப்பு, அடுத்த பக்கத்துக்கு 48.5. அந்த மூணு புள்ளி வித்தியாசத்துல ராத்திரி பூரா கண்ணு முழிச்சு உக்காந்திருப்பாங்க.

கோயில் கொடையில 'வை ராஜா வை' பார்த்திருப்பீங்க. ஆறு படம் போட்ட துணி, டப்பாவுக்குள்ள மூணு கட்டை. ஆறு படம், மூணு கட்டை, அப்போ நம்ம படம் விழ பாதிக்குப் பாதி வாய்ப்புன்னு மனசு ஒரு கணக்குப் போடும். அங்கதான் ஆளைக் கவுக்கறான். மூணு கட்டை விழற விதம் மொத்தம் 216. அதுல நம்ம படம் ஒரு தடவையாவது வர்றது 91. நூத்துக்கு 42தான். ஒரு படம் விழுந்தா வச்ச பணத்துக்குச் சமம், ரெண்டு விழுந்தா ரெண்டு மடங்கு, மூணு விழுந்தா மூணு மடங்குன்னு நேர்மையாவே கொடுத்தாலும், நாம வைக்கிற நூறு ரூபாயில சராசரியா எட்டு ரூபா துணிக்காரனுக்கு. நான் அஞ்சாங்கிளாஸ் படிக்கும்போது அவனுக்குக் கொடுத்த காசு எல்லாம் இந்த எட்டு ரூபாய்க் கணக்குல சேரும்.

நடுவுல நிக்குது தாயம். ரெண்டு கட்டை, ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு, ரெண்டு, மூணு, அப்புறம் ஒரு வெறும் பக்கம். விழற விதம் மொத்தம் 16. தாயம்ங்கிற ஒண்ணு விழறதுக்கு ரெண்டே விதம், அதாவது எட்டுக்கு ஒண்ணு. ரெண்டு வெறும் பக்கமும் சேர்ந்து விழுந்தா பன்னிரண்டு, அது பதினாறுக்கு ஒண்ணு. பத்து தடவை உருட்டியும் தாயம் விழாம ஒருத்தன் முழிச்சுட்டு இருக்க நூத்துக்கு 26 வாய்ப்பு இருக்கு. ஆனா விழுந்த எண்ணை வச்சு எந்தக் காயை நகர்த்தறது, யாரை வெட்டறது, எங்க பதுங்கறதுங்கிறது நம்ம புத்தி. ரம்மியும் கிட்டத்தட்ட இந்த இடத்துலதான் நிக்குது. கையில வர்ற 13 சீட்டு அதிர்ஷ்டம், அதை வச்சு என்ன பண்றோம்ங்கிறது வேற.

இந்த வரிசையை முதல்ல யோசிச்சது நாம இல்ல. சூதுக்குன்னே 94ஆம் அதிகாரத்தை ஒதுக்கின வள்ளுவர், ஆளை விடாமப் பிடிச்சு வச்சுக்கிற மூணு விஷயத்தை ஒரே குறள்ல சொல்றார். கவறு, கழகம், கை. கவறுன்னா உருட்டற காய், அதாவது அதிர்ஷ்டம். கைன்னா ஆடற திறமை. கழகம்னா சூது ஆடற இடம். (இப்போ அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தம் வந்துருச்சு. அரசியல் வேண்டாம், நகர்ந்துருவோம்!) திறமைன்னு ஒண்ணு இருக்கிறதையே அவர் ஆபத்துக் கணக்குலதான் வச்சிருக்கார், பாருங்க. அர்த்தசாஸ்திரம் இன்னும் பச்சை. சூதாட்டத்துக்குன்னு ஒரு அதிகாரியைப் போட்டு, ஜெயிச்ச தொகையில நூத்துக்கு அஞ்சு எடுத்துக்கச் சொல்லுது. கழகத்தை ராஜாவே நடத்திட்டார்.

நம்ம ஜில்லாக்காரர் ஒருத்தரும் இதுல வர்றார். தென்காசியில இருந்து ஆண்ட அதிவீரராம பாண்டியர், 16ஆம் நூற்றாண்டு, நைடதம் எழுதினவர். நளன் கதை. வடமொழியில ஸ்ரீஹர்ஷர் எழுதின நைஷதம் கல்யாணச் சந்தோஷத்தோட நின்னுரும். நம்ம பாண்டியர் நிறுத்தலை. சூதாடி நாட்டைத் தோத்து, காட்டுக்குப் போய், கலி நீங்குறது வரைக்கும் பாடி முடிச்சார்.

அந்தக் கதையில எனக்குப் பிடிச்ச இடம் தான்றி மரம். நளன் வாகுகன்னு பேரை மாத்திக்கிட்டு இருதுபன்னன் ராஜாவுக்குத் தேர் ஓட்டுறான். போற வழியில ஒரு தான்றி மரம். ராஜா அதை ஒரு பார்வை பார்த்துட்டு இலை எத்தனை, காய் எத்தனைன்னு சொல்றான். வியாச பாரதத்துல ரெண்டு கிளையில அஞ்சு கோடி இலை, 2095 காய்னு இருக்கு. நளன் நம்பலை. தேரை நிறுத்தி, மரத்தை வெட்டி எண்ணிப் பார்த்தா, சொன்னது சரி. எப்படிடான்னு கேட்டா, 'எனக்குச் சூதோட சூட்சுமம் தெரியும், அதனால எண்ணவும் தெரியும்'கிறான். அந்த வித்தையை வாங்கிட்டு, பதிலுக்குக் குதிரை வித்தையைக் கொடுக்கிறான் நளன். வித்தை உள்ள இறங்கினதும் கலி வெளிய வந்து தான்றி மரத்துக்குள்ள பூந்துக்கிறான். அந்தக் காலத்துல உருட்டி ஆடினது தான்றிக் கொட்டையைத்தான். நாட்டுமருந்துக் கடையில திரிபலாவுக்குக் கடுக்காய், நெல்லியோட சேர்த்துத் தர்றாங்களே, அதே தான்றி. ஐரோப்பாவுல பாஸ்கலும் ஃபெர்மாவும் சூதாட்டக் கணக்கை வச்சு நிகழ்தகவுக்கு அஸ்திவாரம் போட்டது 1654ல. பாதியைப் பார்த்து முழுசை ஊகிக்கிறதும் பகடை ஆடறதும் ஒரே வித்தைன்னு பாரதம் சொன்னதை, நிகழ்தகவு வரலாறு எழுதின இயான் ஹாக்கிங் 1975லயே வியந்து எடுத்துக் காட்டினார்.

சரி, கதை ஜோரா முடியுது. வித்தை கத்துக்கிட்டவன் திரும்ப வந்து ஆடி ஜெயிச்சுடறான். தோத்த ஒவ்வொருத்தனும் மனசுக்குள்ள ஓட்டிப் பார்க்கிற படம் இதுதான்னு நினைக்கறேன். 'இன்னும் கொஞ்சம் கத்துக்கிட்டு வந்து விட்டதைப் பிடிப்பேன்.'

வெள்ளைக்காரன் 1867ல போட்ட சூதாட்டச் சட்டத்துலயே, வெறும் திறமையால ஆடற ஆட்டத்துக்கு விலக்கு உண்டு. மெட்ராஸ் மாகாணத்துச் சட்டம் 1930ல வந்தப்பவும் அதே விலக்கு. எந்த ஆட்டமும் முழுக்க முழுக்கத் திறமை இல்லையே, அப்போ 'வெறும் திறமை'ன்னா என்ன? 1957ல பரிசுப் போட்டி வழக்குல சுப்ரீம் கோர்ட் ஒரு அளவுகோல் கொடுத்துச்சு. திறமை தூக்கலா இருந்தா போதும், அது சூதாட்டம் இல்ல.

அந்த அளவுகோலை ரம்மி மேல வச்சது 1967ல. செகந்திராபாத்துல ஒரு கிளப்புல 1963ல போலீஸ் ரெய்டு, அதுல இருந்து வந்த வழக்கு. நீதிபதி ஹிதாயத்துல்லா எழுதின தீர்ப்பு. மூணு சீட்டு மாதிரி ரம்மி முழுசா அதிர்ஷ்டம் இல்ல, விழுந்த சீட்டை ஞாபகம் வைக்கணும், எதை வச்சுக்கறது எதைப் போடறதுன்னு தெரியணும், அதனால திறமைதான் தூக்கல்னு சொன்னார். பெரியப்பாவைப் பக்கத்துல உக்கார வச்சுட்டு எழுதின மாதிரியே இருக்கும். எல்லாரும் மேற்கோள் காட்டறது இந்த இடம் வரைக்கும்தான். அதே தீர்ப்புல இன்னொண்ணும் இருக்கு. கிளப் வசூலிச்ச சின்னக் கட்டணத்தை அது குத்தமா எடுத்துக்கலை, ஆனா ஆட்டத்துல இருந்து வீட்டுக்காரன் லாபம் பார்த்தா கதை வேறன்னு சொல்லுது. கழகத்தை அந்த நீதிபதி மறக்கலை. அப்புறம் வந்தவங்கதான் மறந்தாங்க.

குதிரைப் பந்தயம் இதே வழியில தப்பிச்சது. 1974ல கலைஞர் ஆட்சியில ஒழிப்புச் சட்டம், 1986ல எம்.ஜி.ஆர். ஆட்சியில மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே எடுத்துக்கச் சட்டம். 1996 ஜனவரியில சுப்ரீம் கோர்ட், குதிரையோட பரம்பரை, ஜாக்கியோட கைவரிசை எல்லாம் எடை போட்டுத்தான் பந்தயம் கட்டறாங்க, அதனால திறமைன்னு தீர்ப்பு சொல்லிருச்சு.

லாட்டரி பக்கம் இந்தப் பேச்சுக்கே இடமில்ல. அண்ணா முதல்வரா இருந்தப்போ 1968ல தமிழ்நாடு அரசே பரிசுச்சீட்டு தொடங்குச்சு. கேரளாவுலயும் அதே சமயம்தான், முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. எங்க தாத்தா வாரம் தவறாம ஒரு சீட்டு வாங்குவார். விழலைன்னா கிழிச்சுப் போட்டுட்டு காப்பி குடிக்கப் போயிருவார். 'நான் நல்லா வாங்கலை, அடுத்த வாரம் இன்னும் நல்லா வாங்குவேன்'னு யாராவது சொல்வாங்களா? தோத்ததுக்குத் தன்னைக் காரணமா நினைக்க அதுல வழியே இல்ல.

இதுக்காக லாட்டரி சாதுன்னு சொல்ல வரலை. 90கள்ல சுரண்டல் லாட்டரி, ஒத்தை நம்பர் லாட்டரின்னு வந்து, உடனே உடனே ரிசல்ட் தெரிய ஆரம்பிச்சதும் கூலிக்காரங்க அன்னாடச் சம்பளத்தை அன்னைக்கே விட்டாங்க. வாரம் ஒரு தடவைங்கிறது நிமிஷத்துக்கு ஒரு தடவைன்னு ஆனா எந்தச் சாது ஆட்டமும் பேயாயிரும். ஒத்தை நம்பரை 1998ல மத்தியச் சட்டம் தடுத்துச்சு, 2003 ஜனவரியில ஜெயலலிதா அரசு மொத்தமா மூடுச்சு. அப்புறம் என்ன, செங்கோட்டை புளியரை வழியா மலை ஏறி ஆரியங்காவுல போய் வாங்கிட்டு வர ஆரம்பிச்சுட்டாங்க நம்மாட்கள்.

இப்போ செல்போனுக்கு வருவோம். 2020 ஜூலையில உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குத் திருநெல்வேலி ஜில்லாவுல இருந்து ஒரு சீட்டாட்ட வழக்கு போச்சு. ஊருக்கு ஒதுக்குப்புறமா சீட்டு ஆடினதா ஒருத்தர் மேல கேஸ், அதை ரத்து பண்ணச் சொல்லி மனு. நீதிபதி புகழேந்தி அதை விசாரிக்கும்போது, ஊரடங்குல வீட்டுக்குள்ள செல்போன்ல ஓடற ரம்மியை யார் கேக்கறதுன்னு கேட்டு, அரசு இதுக்கு ஒரு ஒழுங்குமுறை கொண்டு வரணும்னார். நவம்பர்ல அவசரச் சட்டம் வந்துச்சு. 2021 ஆகஸ்ட் 3ல சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து பண்ணிருச்சு. காரணம்? ரம்மி திறமை விளையாட்டு!

அந்த ஆகஸ்டுக்கு அப்புறம்தான் பெரியப்பா பேரன் மாட்டினான். தடை இருந்த வரைக்கும் சும்மா இருந்தவன், திரும்பத் திறந்ததும் உள்ள போயிட்டான். டிசம்பருக்குள்ள ஒரு லட்சத்து நாப்பதாயிரம். வண்டிக்கு வச்சிருந்தது, அக்கா கொடுத்து வச்சது, அப்புறம் ஆப்ல வாங்கின கடன். விஷயம் வெளிய வந்த அன்னைக்கு என்கிட்ட போன்ல அழுதான். அழுகைக்கு நடுவுல சொன்னான்: "எனக்கு நல்லா ஆடத் தெரியும் சித்தப்பா. கடைசி நாள் ரெண்டு தப்பு பண்ணிட்டேன், அவ்வளவுதான்."

பொய் சொல்லலை அவன். நல்லாத்தான் ஆடுவான், தாத்தா கத்துக் கொடுத்தது. ஆனா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஆறு பேர் உக்காந்து ஆளுக்கு நூறு வைக்கிறாங்க, கம்பெனி நூத்துக்குப் பத்து எடுக்குதுன்னு வச்சுப்போம். ஒரு ஆட்டத்துக்கு அறுபது ரூபா மேஜையை விட்டுப் போகுது. பத்து ஆட்டம் முடிஞ்சா அறுநூறு. ஆறு பேரும் கொண்டு வந்ததுல ஆளுக்கு நூறு காணோம், யார் எவ்வளவு நல்லா ஆடினாலும் சரி. பெரியப்பா காலத்துல ஒரு நாளைக்கு ஒரு தடவை அஞ்சு ரூபா. இங்க ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை.

அதுக்கப்புறம் சட்டம் பட்ட பாடு தனிக் கதை. நீதிபதி சந்துரு குழு, 2022ல மறுபடி அவசரச் சட்டம், மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினது, 2023 ஏப்ரல்ல சட்டமானது. அந்த நவம்பர்லயே உயர் நீதிமன்றம் சட்டத்தை வச்சுக்கிட்டு, ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியல்ல இருந்து எடுத்துருச்சு. மறுபடியும் திறமை. 2025 ஆகஸ்ட்லதான் மத்திய அரசு கொண்டு வந்த சட்டம் அந்தக் கேள்வியையே தூக்கி ஓரமா வச்சது. பணம் கட்டி ஆன்லைன்ல ஆடினா, திறமையோ அதிர்ஷ்டமோ ரெண்டும் கலந்ததோ, எல்லாம் ஒண்ணுதான்னு சொல்லிருச்சு. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. மொத்தமாத் தடை பண்றது சரியாங்கிறதுல எனக்கே முழுச் சம்மதம் இல்ல. தடை பண்ணினா ஆரியங்காவு மாதிரி இன்னொரு இடம் முளைக்கும், அது எந்த நாட்டுல இருக்குன்னு கூட தெரியாது. ஆனா 'திறமையா இல்லையா'ன்னு அறுபது வருஷமா கேட்டுட்டு இருந்தது தப்பான கேள்வின்னு அந்த டைரியைக் கூட்டினப்புறம் தோணுது. பெரியப்பா ஜெயிச்ச அந்த 640 ரூபாதான் அவரை 1984ல பெரிய டேபிளுக்குக் கூட்டிட்டுப் போச்சு. 83ல தோத்திருந்தா நிறுத்தியிருப்பார்னு அவரே சொல்றார். 84க்கு டைரி இல்ல.

கணக்கைப் பேப்பர்ல எழுதிக் காமிச்சேன். கண்ணாடியை ஏத்திவிட்டுப் பார்த்துட்டு, ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லலை. அப்புறம் பேரனைப் பத்திக் கேட்டார். கடன்ல பாதியை அடைச்சுட்டான், திருநெல்வேலியில வேலைக்குப் போறான்னு சொன்னேன்.

"எதிர்ல இருக்கவன் மூஞ்சியே தெரியாம அவன் என்னத்தலே ஆடுனான்?"ன்னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

சாயங்காலம் திண்ணையில சாக்பீஸால கட்டம் போட்டு ஆச்சியோட தாயக்கட்டையை எடுத்தோம். காசு கிடையாது, புளியங்கொட்டைதான் காய். எனக்குத் தாயம் பதினோராவது தடவைதான் விழுந்துச்சு. அதுக்குள்ள அவர் ஒரு காயைப் பழமாக்கிட்டு, ரெண்டாவதை மலைக்குப் பக்கத்துல கொண்டு போய் வச்சுட்டார். நான் நூத்துக்கு 26ன்னு விளக்க ஆரம்பிச்சேன். அவர் கட்டையை உள்ளங்கையில தேய்ச்சுக்கிட்டே சிரிச்சார்.

"கை வேணும்லே, கை."